பாக்கியநாதன் அடித்த மூன்றாவது பூச்சு

பெயிண்ட் டப்பாவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள் பாக்கியநாதன். தெரு நாய்க்குப் பயம், மின்னலுக்குப் பயம், ஏ.டி.எம். மிஷின் கார்டை விழுங்கிவிடுமோ என்று பயம். கல்யாணத்தன்று பாதிரியார் 'சம்மதமா' என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்ததாம். சம்மதம் இல்லாமல் இல்லை, எதிரில் இருந்த மைக்கைப் பார்த்துப் பயம். அவன் மனைவி ரோசம்மாள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான், சிரிக்காவிட்டால் கோபித்துக்கொள்வாளோ என்று.

ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். இவன் வளர்வதற்குள் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்துவிட்டன, அதனால் சேற்றில் இறங்கவில்லை, கம்பெனி பஸ்ஸில் ஏறினான். ஒரு ஷெட்டில் பெரிய இரும்புத் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அங்கே மட்டும் அவன் வேறு ஆள். துருவைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு என்று நிதானமாக அடிப்பான். அவன் முடித்த தொட்டியை ஐந்து வருஷம் கழித்து நகத்தால் சுரண்டினாலும் நகம்தான் உடையும், பெயிண்ட் உரியாது. வாழ்க்கையில் அவன் நம்பியது இந்த ஒன்றைத்தான். நல்ல பெயிண்ட் என்றால் ஒட்டிய இடத்தை விட்டு அசையக்கூடாது.

அந்த ஷெட்டை மூடியபோது ரோசம்மாளின் தம்பி ஸ்டீவன்தான் கை கொடுத்தான். ஸ்டீவன் லாஞ்ச் என்கிற மோட்டார் படகு ஓட்டுகிறவன். அத்திப்பட்டுக்குக் கிழக்கே, கழிமுகத்துப் படகுத்துறையில் சந்திரமோகன் என்ற கான்டிராக்டரிடம் வேலை. கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குத் துப்புரவு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிக் கூட்டி வருவது தொழில். சந்திரமோகனிடம் இரண்டு லாஞ்ச் உண்டு. ஒன்றுக்கு மகள் பெயர் நர்மதா, இன்னொன்றுக்கு அம்மா பெயர் திலகவதி. நர்மதாவை ஸ்டீவன் ஓட்டினான், திலகவதியை அன்புராஜ் என்கிற பையன் ஓட்டினான். பாக்கியநாதனுக்குக் கரையில் பெயிண்ட் வேலை, படகில் கயிறு பிடிக்கிற வேலை.

"தண்ணி மேல போவணுமாடா?" என்று பாக்கியநாதன் அன்றைக்கே கேட்டான்.

"போட்டுன்னா தண்ணி மேலதான் போவும் மாமா. ரோட்டு மேல போனா அதுக்குப் பேரு பஸ்ஸு" என்றான் ஸ்டீவன்.

நீச்சல் தெரியும், ஏரியில் கற்ற அளவுக்கு. ஏரியில் கால் தட்டும். கடலில் தட்டாது. இருந்தாலும் போனான். பெரிய பெண் ஜெனிபர் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், வேலையில்லாமல் வீட்டில் உட்கார்வதும் ஒரு பயம்தான்.

கோடையில் இரண்டு லாஞ்சையும் கரையேற்றி மரக்கட்டைகள் மேல் நிறுத்தினார்கள். அடிப்பகுதியைச் சுத்தம் செய்து புதிதாகச் சிவப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும். கடலில் நிற்கிற எதிலும் பாசி பிடிக்கும். பாசி மேல் கொட்டலசு ஏறும், ஓரம் பிளேடு மாதிரி கூரான சின்னச் சிப்பி. அதைத் தடுக்கத்தான் இந்தப் பெயிண்ட். கொண்டுவந்து கொடுத்த கடைக்காரர் ராஜமாணிக்கம் தானே முன்னால் நின்று இரண்டு பூச்சு அடிக்க வைத்தார். முதல் பூச்சு காய்ந்ததும் ஆட்களை வைத்துக் கட்டைகளை நகர்த்தி, கட்டை இருந்த இடத்தையும் விடாமல் அடித்தார்கள்.

"எத்தினி நாளைக்குத் தாங்கும் சார்?" என்று பாக்கியநாதன் கேட்டான்.

"ஒழுங்கா ஓட்டினா ஒன்றரை வருஷம். சும்மா கட்டிப் போட்டா அதுக்கும் முன்னாடியே பூடும். அதுவும் இந்தத் தண்ணி கரெண்ட் ஃபேக்டரில இருந்து வெதுவெதுன்னு வருதா, சிப்பிக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தப் பெயிண்டு ஓட ஓட மேலாகக் கரைஞ்சிக்கினே இருக்கும். கரையறப்போ உள்ள இருக்கற செம்பு வெளிய வரும், சிப்பி கிட்டயே வராது. அதான் இதுல விசேஷம்."

பாக்கியநாதன் தலையாட்டினான். மனசுக்குள் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. பெயிண்ட் கரைகிறது என்று ஒரு மனிதன் பெருமையாகச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டு அதையே விசேஷம் என்கிறார் பார், என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் சந்திரமோகன் வந்தார். வெள்ளைச் சட்டை. நர்மதாவின் அடிவயிற்றைச் செல்லமாகத் தட்டிவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார். நெஞ்சில் சிவப்பாக ஐந்து விரல் பதிந்தது.

"இன்னாயா இது, கையில ஒட்டுது? நீ பெயிண்டரா, இல்ல சுண்ணாம்பு அடிக்கறவனா?"

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, பாக்கியநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டு மாதத்தில் முழுப் பெயிண்டும் தண்ணீரோடு போய்விடும், 'யார் அடிச்சது' என்று கேட்பார்கள், தன் பெயரைச் சொல்வார்கள் என்று படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ரோசம்மாளிடம் பொய் சொல்லி, பூசைக்குப் போகாமல் படகுத்துறைக்குப் போனான். தொட்டி வேலைக்காலத்திலிருந்து அவனுக்குப் பழக்கமான ஒரு சரக்கு ஷெட்டில் இருந்தது. இரண்டு டப்பாவிலிருந்து ஊற்றிக் கலந்து அடிக்கிற கெட்டி வார்னிஷ். காய்ந்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை எடுத்து நர்மதா, திலகவதி இரண்டுக்கும் அடியில், சிவப்புக்கு மேல் மூன்றாவது பூச்சாக அடித்தான். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கிற சல்லடையைக்கூட விடவில்லை. கட்டைகளை மட்டும் நகர்த்தவில்லை. தனியாக நகர்த்தினால் படகு தலைமேல் சாய்ந்துவிடும் என்று பயம்.

காய்ந்த பிறகு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தான். துளிச் சிவப்பு ஒட்டவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

ஐப்பசிக்குள் இரண்டு லாஞ்சும் வேகம் எடுக்கத் திணறின. கப்பல் வரத்துக் குறைந்து அவை பல வாரம் கழிமுகத்திலேயே கட்டிக் கிடந்திருந்தன. அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிப் போட்ட படகு, வெதுவெதுப்பான தண்ணீர், சிப்பி பிடிக்காமல் என்ன செய்யும்? பொங்கல் கழித்துக் கரையேற்றிச் சுரண்டிக்கொள்ளலாம் என்றார் சந்திரமோகன். 'ஆமா சார், எல்லாம் தண்ணிதான் காரணம்' என்று முதல் ஆளாகத் தலையாட்டியவன் பாக்கியநாதன். தன் பூச்சுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதுமே அதைத் தள்ளிவிட்டான்.

அப்புறம் வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை.

காலையில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. நர்மதாவில் இரண்டு நடையாகத் துப்புரவு ஆட்களைக் கப்பலில் இறக்கியிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் வடகிழக்கிலிருந்து காற்று எழும்பியது, கடல் சாம்பல் நிறமாக மாறியது. முதலில் ஒரு பாதி ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். எல்லாரும் அத்திப்பட்டு, கவரைப்பேட்டைப் பக்கத்து ஆட்கள். கப்பலின் சரக்குக் கூடத்துக்குள் நிலக்கரித் தூசியைக் கூட்டத் தெரியும், கடல் தெரியாது. பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், மீதிப் பேர் வாந்தி எடுப்பவர்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பாக்கியநாதன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இன்ஜினின் எச்சரிக்கை மணி கீ என்று விடாமல் கத்தத் தொடங்கியது.

"சூடு ஏறிச்சு" என்றான் ஸ்டீவன். எப்போதும் சிரிக்கிற முகத்தில் சிரிப்பே இல்லை. "தண்ணி இழுக்கல மாமா. சல்லடை அடைச்சிக்கினு கீது. இப்டியே ஓட்டினா இன்ஜினு புட்டுக்கும்."

"ஓட்டாத வுட்டா?"

ஸ்டீவன் முன்னால் கை காட்டினான். சுவருக்கு வெளியே போட்டிருக்கிற பெரிய பெரிய காங்கிரீட் கற்கள் மேல் அலை ஏறி வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. காற்று அவர்களை நேராக அங்கேதான் தள்ளியது.

இன்ஜினை நிறுத்தினான். அந்த அமைதி பாக்கியநாதனைச் சத்தத்தைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. நங்கூரத்தை இறக்கினார்கள். அது அடிமணலைப் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. ஸ்டீவன் ரேடியோவில் கரையைக் கூப்பிட்டான். இழுவைப் படகு அனுப்புகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். கற்கள் பொறுக்கிற மாதிரி தெரியவில்லை. ஆட்களில் ஒருவர் போனை எடுத்து மனைவியிடம் எதுவுமே நடக்காத மாதிரி, ராத்திரிக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.

"யாராவது கீழ எறங்கி சல்லடைய சுரண்டணும்" என்றான் ஸ்டீவன். "நான் எறங்கிடுவேன். ஆனா அடைப்பு போனதும் இன்ஜின எடுத்து கல்லு மேல ஏறாம திருப்பறது யாரு? இவங்கள்ல யாருக்கும் தெரியாது." அக்கா புருஷனைப் பார்த்துவிட்டு உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

சல்லடை எங்கே இருக்கிறது என்று பாக்கியநாதனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அதற்குத் துணி சுற்றிய விரலால் வார்னிஷ் தடவியவன் அவன். மூலையில் அவனுடைய சுரண்டி கிடந்தது. அதை எடுத்தான். எடுத்த பிறகுதான் எடுத்ததே அவனுக்குத் தெரிந்தது.

"இடுப்புல கயித்தக் கட்டு" என்றான். "ஏதாச்சும் ஆச்சுன்னா ஜெனிபருகிட்ட..." என்று தொடங்கி, முடிக்காமலே கயிற்றுக்கு இடுப்பைக் காட்டினான்.

தண்ணீரில் இறங்கியதும் மூச்சு நின்றுவிட்டது. கால் எதையும் தொடவில்லை. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் உச்சந்தலை வரை ஏறியது. லாஞ்ச் ஒவ்வொரு அலைக்கும் மேலே எழும்பி அவன் தலைக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டே மூச்சைப் பிடித்து அடியில் போனான். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கைதான். தொட்ட இடமெல்லாம் கொட்டலசு. முழங்கை, தோள், காது என்று அறுத்தது. சல்லடை இருந்த இடத்தில் சல்லடையே இல்லை, சிப்பி மேல் சிப்பியாக ஒரு மேடுதான் இருந்தது. சுரண்டினான். மூச்சு முட்டி மேலே வந்தான், ஸ்டீவன் ஏதோ கத்தினான், காதில் விழவில்லை. திரும்பப் போனான்.

சிப்பி தனியாக உதிரவில்லை. அதன் அடியில் இருந்த வார்னிஷும் சேர்ந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. ஒரு கையால் சுரண்டிக்கொண்டே, அலை தள்ளாமல் இருக்க இன்னொரு கையால் எதையாவது பிடிக்கத் துழாவினான். அப்போது உள்ளங்கை ஒரு இடத்தில் வழுக்கியது. ஒரு முழ அகலத்துக்கு வெறும் வழவழப்பு, ஒரு சிப்பி இல்லை, பாசி இல்லை. கொஞ்சம் தள்ளி அதே போல இன்னொன்று. படகு கட்டைமேல் உட்கார்ந்திருந்த இடங்கள். அவன் பயந்துபோய் வார்னிஷ் அடிக்காமல் விட்ட இடங்கள்.

கரைஞ்சிக்கினே இருக்கும், அதான் இதுல விசேஷம் என்று ராஜமாணிக்கம் சொன்னது தண்ணீருக்கு அடியில் அவன் காதில் கேட்டது. கரையாமல் இருக்கட்டும் என்று அவன் மூடிவைத்தான். மருந்து உள்ளேயே கிடந்தது, சிப்பி வெளியே குடித்தனம் நடத்தியது. சுரண்டியால் பெயர்த்தது போக அவன் பூச்சு ஒரு பொட்டுகூட உரியவில்லை. வாழ்நாளில் அவன் அடித்ததிலேயே உறுதியான பூச்சு அதுதான்.

அவனுக்கு அழக்கூட நேரமில்லை. வெறி பிடித்தவன் மாதிரி சுரண்டினான். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ சுரண்டி இரும்புக் கம்பியில் பட்டு ஓசை வந்தது. கயிற்றை இழுத்தான். மேலே தூக்கிப் போட்டார்கள். ஸ்டீவன் இன்ஜினை எடுத்தான். இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீர் வெளியே வருகிற பக்கவாட்டுக் குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு கொழகொழவென்று கொஞ்சம், அப்புறம் கைத்தடிப் பருமனுக்குத் தண்ணீர் பீறிட்டது. காங்கிரீட் கற்களின் மேல் ஒட்டியிருந்த பாசி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் லாஞ்ச் மூக்கைத் திருப்பியது.

படகுத்துறையில் கூட்டம் கூடிவிட்டது. இறங்கிய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பாக்கியநாதன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சந்திரமோகன் தன் சால்வையை எடுத்து அவன் ஈர முதுகில் போர்த்தினார். "உன்ன சுண்ணாம்பு அடிக்கறவன்னு சொன்னேனே, மன்னிச்சிக்கய்யா" என்றார். ஸ்டீவன் துணியால் அவன் கையைத் துடைத்தான். "எவ்ளோ ரத்தம் மாமா" என்றான். உள்ளங்கையில் இருந்த சிவப்பில் பாதி ரத்தம் இல்லை, பெயிண்ட் என்று பாக்கியநாதனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சால்வைக்குள் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று நினைத்தான்.

அப்போது பக்கத்தில் திலகவதியின் இன்ஜின் புறப்பட்டது.

"மீதி ஆளுங்க இன்னும் கப்பல்ல கீறாங்க" என்றார் சந்திரமோகன். "இருட்டறதுக்குள்ள கூட்டி வந்துடணும். அன்பு, கிளம்பு."

அன்புராஜ் மேலிருந்து எட்டிப் பார்த்தான். மீசை சரியாக முளைக்காத முகம், போன மாதம்தான் நிச்சயதார்த்தம் ஆனவன். "ண்ணா, அந்தக் கயித்த அவுத்து வுடு" என்றான்.

பாக்கியநாதன் பழக்கத்தில் கட்டுத்தூணுக்குப் போனான். குனிந்து முடிச்சில் கை வைத்தான். கை அங்கேயே நின்றது. திலகவதியின் அடியில் என்ன இருக்கிறது என்று இந்தத் துறையில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த ஒருவன் பேசாமல் முடிச்சை அவிழ்த்தால் போதும், சால்வை முதுகில் இருக்கும், வேலை இருக்கும், ஜெனிபர் படிப்பு நடக்கும், ரோசம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் இன்றைய கதையைச் சொல்வாள். இந்தப் பையன் ஒருவேளை நன்றாகத் திரும்பியும் வந்துவிடலாம்.

"இன்னா நைனா, சீக்கிரம்" என்றான் அன்புராஜ்.

பாக்கியநாதன் கயிற்றைத் தூணில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"போவாத" என்றான். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினான். "அந்த போட்டு போவக்கூடாது சார்! கப்பல்ல இருக்கறவங்க கப்பல்லயே இருக்கட்டும், அது முழுவாது. இது வராது!"

"இன்னாயா ஆச்சு உனக்கு? குளிர்ல பேத்தறயா?"

"ரெண்டு போட்டுக்கும் நான்தான் சார் மேல வார்னிஷு அடிச்சேன். யாருகிட்டயும் சொல்லல. உங்க சட்டையில செவப்பு ஒட்டிச்சே, அந்த பயத்துல அடிச்சேன். தண்ணியால இல்ல சார். என்னாலதான் இத்தினி சிப்பி. அடிச்ச எடத்துல மலையா கீது, அடிக்காத எடத்துல ஒண்ணுமே இல்ல. நானே கையால தொட்டுப் பார்த்தேன்." ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி இன்னொரு கையை விரித்துக் காட்டினான். "இதுக்கும் சல்லடையில அடிச்சிருக்கேன் சார்."

கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட ஆட்கள் அவனையே பார்த்தார்கள். ஸ்டீவன் துணியைப் பிடித்தபடி நின்றான், அவன் முகத்தில் வந்ததைப் பார்க்கப் பாக்கியநாதனுக்குத் துணிவில்லை. சந்திரமோகன் முதலில் நம்பாதவர் போலத் திலகவதியின் பக்கவாட்டைப் பார்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் பீறிடவில்லை, சரியாக மூடாத குழாய் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது.

"சால்வையக் குடு" என்றார். அவன் ஒரு கையால் எடுத்துக் கொடுத்தான். "நாளையில இருந்து இந்தப் பக்கம் வராத. கயித்த உட்டுட்டு வெளிய போ."

"போறேன் சார்" என்றான் பாக்கியநாதன். அன்புராஜ் இன்ஜினை நிறுத்தி, பலகையில் நடந்துவந்து, கரையில் கால் வைக்கிற வரைக்கும் அவன் கயிற்றை விடவில்லை.